நீ சுட்டழித்த பச்சை

மகனே,

எடுத்த எடுப்பில் நலம் விசாரிக்க எனக்கு மனம் வரவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். வெள்ளவத்தைக் கடற்காற்றும் உன் மாமனார் வீட்டுச் சாப்பாடும் உனக்கு ஒரு குறையும் வைக்காது. நானும் கொட்டாஞ்சேனையில் அதே வீட்டில், அதே முழங்கால் வலியோடு இருக்கிறேன். இந்தக் கடிதத்தை நீ வேலை பார்க்கிற கந்தோரில் வைத்துப் பிரிக்காதே. வீட்டுக்குக் கொண்டுபோய் ஆற அமர உட்கார்ந்து படி. படித்த பிறகு உன் மனைவியிடம் கொடுக்கத் தோன்றினால் கொடு. உன் மாமனார் எடுத்துப் படித்தாலும் எனக்குக் கவலையில்லை. ஒளித்து வைத்ததெல்லாம் போதும் என்றுதான் எழுதவே உட்கார்ந்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கிரிக்கெட் ஆட்டம் பார்க்கப் போயிருந்தபோது உன் மனைவி என்னைப் பார்க்க வந்தாள். ஆறு மாத வயிற்றோடு வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் கோட்டைக்கு வந்து, அங்கிருந்து டிராம் பிடித்து, தன்னந்தனியாக. “வீட்டுல கார் இருக்கேம்மா, எதுக்கு இப்பிடி அலையிற?” என்று கடிந்துகொண்டேன். “நீங்க இருபத்தெட்டு வருஷம் டிக்கட் கிழிச்ச டிராமில ஒருக்கா ஏறிப் பாக்க ஆசையா இருந்தது, மாமா” என்றாள். நல்ல பெண். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தில் அவள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவளுக்கு நீ சொன்னதுதான் தெரியும். நீ சொன்னதற்கு நான் தலையாட்டியதும் தெரியும்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்து சுவரைச் சுற்றிப் பார்த்தாள். முருகன் படம் இருக்கிறது, லட்சுமி படம் இருக்கிறது, நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது கூட்டாளிகளோடு எடுத்த படம் இருக்கிறது. “மாமியின்ட படம் ஒண்டும் இல்லையா, மாமா?” என்று கேட்டாள். எடுக்கவில்லை என்றேன். பிறகு தன் வயிற்றைத் தடவிக்கொண்டே சொன்னாள்: “மாமி பாவந்தான். ஆனா பிள்ளையைக் கொஞ்சம் கவனமாப் பாத்திருக்கலாம். அவரின்ட கையைப் பாக்கிறபோதெல்லாம் எனக்குப் பயமா இருக்குது. நான் என்ட பிள்ளையைச் சுடுதண்ணிப் பக்கமே விடமாட்டன். நல்ல காலம், அவருக்கு நீங்க இருந்தீங்க.”

நான் என்ன செய்தேன் தெரியுமா? எழுந்துபோய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்து கொடுத்தேன். சீனி போதுமா என்று கேட்டேன். அவளை டிராம் நிறுத்தம் வரை கூட்டிப்போய் ஏற்றிவிட்டு, திரும்பி வந்து இந்த மேசையில் தலையை வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். உன் அம்மா செத்தபோதுகூட நான் அப்படி அழவில்லை.

நான் கண்டக்டராக இருந்த காலத்தில் ஆட்களின் முகத்தைப் பார்த்ததே இல்லை. கைகளைத்தான் பார்த்தேன். காலையிலிருந்து பொழுது சாய்கிறவரை என் முன்னால் நீண்டவை கைகள்தான். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன் கை, மை பட்ட கிளாக்கர் கை, மீன் வெட்டுகிற பெண்ணின் கை என்று நிமிர்ந்து பார்க்காமலே சொல்லிவிடுவேன். பச்சை குத்திய கைகளும் எத்தனையோ நீண்டன. தேள், கோலம், புருஷன் பேர். அந்தக் கைகளுக்கு உரியவர்களிடம் நான் எப்படிப் பேசினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். “தள்ளி நில்லு, உள்ள போ” என்பேன். கோட்டுக் கை நீண்டால் “சார்” என்பேன். அந்தக் கைகளைப் போன்ற ஒரு கை என் வீட்டிலேயே எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தது. அதைத் தெரிந்துகொண்டேதான் அப்படிப் பேசினேன்.

இனி, உனக்குத் தெரிந்த கதையைத் திரும்பச் சொல்கிறேன். தெரிந்த கதை என்று தாண்டிப் போகாதே. நீயே அதை மாற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டதால் யாராவது ஒருவர் அதை உள்ளபடி எழுதிவைக்க வேண்டியிருக்கிறது.

உனக்கு முன்னால் இரண்டு பேர் பிறந்தார்கள். இரண்டும் ஆண். மூத்தவனைப் பதினோராவது மாதம் காய்ச்சல் கொண்டுபோயிற்று. அடுத்தவன் நாற்பது நாள்தான் இருந்தான். நாங்கள் அப்போது ஜிந்துப்பிட்டியில் ஒற்றை அறை வீட்டில் இருந்தோம். மூன்றாவதாக நீ பிறந்ததும் உன் அம்மா உன்னைக் கீழே விடவில்லை. இதை ஒரு பேச்சுக்காகச் சொல்லவில்லை, உண்மையாகவே விடவில்லை. தெருக் குழாயில் தண்ணீர் பிடிக்கும்போதும் இடுப்பில் நீதான், அடுப்படியிலும் இடுப்பில் நீதான். ஒரு கையால் அரிசி களைவாள், ஒரு கையால் அம்மி அரைப்பாள். நீ ஓடி விளையாடுகிற வயதுக்கு வந்த பிறகும் அவள் ஒரு பக்கம் சாய்ந்தே நடந்தாள். சாகும்வரைக்கும் அந்தச் சாய்வு போகவில்லை. சுடுதண்ணீர்ப் பானையை இறக்க வேண்டுமென்றால் உன்னை அடுத்த வீட்டு அக்காவிடம் கொடுத்து, அவள் உன்னோடு தெருவுக்குப் போய்விட்டாளா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் இறக்குவாள். அந்தத் தெரு முழுக்க அவளைக் கேலி செய்தது. அவளைத்தான் நீ கவனிக்காமல் விட்டவள் என்று சொன்னாய்.

உனக்கு ஒன்றரை வயது இருக்கும். ஆடி மாதம். வேல் விழாவுக்குக் கூட்டம் வந்திருந்தது, கூட்டத்தோடு பச்சை குத்துகிற குறத்தி ஒருத்தியும் வந்திருந்தாள். உன் அம்மாவின் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பறிகொடுத்த பிறகு பிறக்கும் பிள்ளைக்கு ஒரு ஊனத்தைத் தாங்களே வைத்துவிடுவார்கள். சிலர் மூக்கைக் குத்துவார்கள், சிலர் குப்பை என்று பெயர் வைப்பார்கள். குறையுள்ள பிள்ளையை யமன் தொடமாட்டான் என்பது நம்பிக்கை. உன் அம்மா பச்சையைத் தேர்ந்தெடுத்தாள். கரியைக் குழைக்கத் தண்ணீர் வேண்டுமே என்று குறத்தி கேட்டிருக்கிறாள். உன் அம்மா தண்ணீர் கொடுக்கவில்லை. அவளுக்கு இன்னும் பால் இருந்தது. அதைக் கொடுத்தாள். முதலில் தன் வலது முன்கையில் குத்திக்கொண்டாள். பிறகு அதே ஊசி, அதே மை, உன் வலது முன்கையில். குறத்தி பாடிக்கொண்டே குத்தினாளாம், நீ அலறிய அலறலில் பாட்டு யாருக்கும் கேட்கவில்லையாம். ஒரு சின்ன வேல், அதன் கீழே மூன்று புள்ளி. இரண்டு கையிலும் அச்சு அசல் ஒன்றுதான்.

நான் வேலை முடிந்து வந்தபோது உன் கை வீங்கிப்போய் இருந்தது. மஞ்சள் பூசி, உன்னை மடியில் போட்டு விசிறிக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த ஆத்திரம் உன் வலிக்காக வந்தது என்று இத்தனை வருஷமும் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். நான் காக்கி உடுப்பும் பித்தளைப் பொத்தானும் போட்ட ஆள். என் மகன் இங்கிலீஷ் படிப்பான், கோட்டையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்ப்பான் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன். “கூலிக்காரன் புள்ளைன்னு கையிலயே எழுதிட்டியேடி!” என்று கத்தி அவளை அறைந்தேன். பிள்ளை மடியில் இருக்கும்போதே அறைந்தேன்.

அவள் அழவில்லை. உன் கையைத் திருப்பி எனக்குக் காட்டினாள். “பாருங்க. மொதப் புள்ளி பெரியவன். ரெண்டாவது சின்னவன். மூணாவது இவன். ரெண்டு ஒனக்கு, ஒண்ணு எனக்குன்னு முருகன்கிட்ட கணக்குத் தீத்துட்டேன். இனிமே இவன அவரால கேக்க முடியாது. எங் கையில ஒண்ணு, இவன் கையில ஒண்ணு, ரெண்டு பக்கமும் எழுத்து இருக்கு” என்றாள். ஒரு நீதிமன்றத்து ஆள் மாதிரி அவ்வளவு நிதானமாகச் சொன்னாள். நான் சாப்பிடாமல் எழுந்து வெளியே போய்விட்டேன்.

உனக்கு ஆறு வயதானபோது இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிப்போனேனே, நினைவிருக்கிறதா? அதற்கு முதல் வாரமே உனக்கு ஒரு முழுக்கைச் சட்டை தைத்தேன். வெயிலில் வேர்த்து ஊற்றியது உனக்கு. கையை மடித்துவிடப் போனாய். “மடிக்காத. யாராச்சும் பாத்தா கையப் பின்னால கட்டிக்க” என்றேன். அந்தச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தான் தளர்வாக இருந்தது. இறுக்கித் தைக்கச் சொல்லி உன் அம்மாவிடம்தான் கொடுத்தேன். அவள் தைத்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, “நான் அப்பிடி என்ன தப்புப் பண்ணிட்டேங்க?” என்று கேட்டாள். நான் சட்டையை வாங்கிக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. அதற்குப் பிறகு உன்னிடம் இருந்த எல்லாச் சட்டையும் முழுக்கைதான். ஆகவே இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, “ஒளிக்கச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தானே, அப்பா” என்று நீ கேட்டால், ஆமாம், நான்தான். நீ கேட்பதற்கு முன்பே எழுதிவிட்டேன். அதைக் காட்டி என்னிடமிருந்து தப்பிக்க நினைக்காதே.

ஏனென்றால் அவள் செத்த அன்று நீ செய்ததை நான் பார்த்தேன். உனக்குப் பதினான்கு வயது. வாய்க்கரிசி போட உன்னைக் கூப்பிட்டார்கள். நீ அரிசியைக் கையில் வாங்காமல், அத்தனை பேர் நிற்கும்போது உன் சட்டைப் பொத்தானைப் பிய்த்தெறிந்து, சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டி, அவள் கைக்குப் பக்கத்தில் உன் கையை வைத்தாய். வேலுக்கு நேராக வேல். யாருக்கும் உன்னை விலக்கத் தைரியம் வரவில்லை. எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் என்னிடம் சொன்னாய்: “அப்பா, இனிமே நான் முழுக்கைச் சட்டை போடமாட்டேன்.” நான் சரி என்றேன். ஒரு வருஷத்துக்குமேல் நீயும் அதைத் தொடவில்லை. பிறகு பரீட்சை பாஸ் பண்ணினாய், கந்தோர் வேலை கிடைத்தது, கோட் வந்தது. கோட்டுக்குள் கை போனது எனக்கும் வசதியாகத்தான் இருந்தது, நான் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் உனக்கு அர்த்தம் தெரியாது என்று மட்டும் நீ சொல்ல முடியாது. தெரியாமல் செய்கிறவனை மன்னித்துவிடலாம். உனக்கு எல்லாம் தெரியும்.

கல்யாணத்துக்கு ஐந்து மாதம் முன்பு நீ கையில் கட்டோடு வந்தாய். சைக்கிளில் விழுந்துவிட்டேன் என்றாய். கட்டை அவிழ்த்துப் பார்க்கட்டுமா என்றால், டாக்டர் தொடக்கூடாது என்றார் என்றாய். சோறு பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டாய். இரண்டு நாள் காய்ச்சல் வேறு. நான் கிழட்டு மடையன், உனக்குச் செவ்விளநீர் வெட்டிக் கொடுத்தேன், ஜிந்துப்பிட்டிக் கோயிலுக்கு மூன்று வெள்ளிக்கிழமை நடந்துபோய், என் மகன் கைப் புண் சீக்கிரம் ஆறவேண்டும் என்று உன் பேருக்கு அர்ச்சனை செய்தேன். எந்த முருகனிடம் உன் அம்மா உனக்காக எழுத்து வாங்கினாளோ, அந்த எழுத்தை அழித்த புண் ஆறவேண்டும் என்று அதே முருகனிடம் போய் நின்றிருக்கிறேன். இதை நினைக்கும்போது எனக்கு உன்மேல் வருகிற கோபத்துக்கு அளவே இல்லை. திராவகம் ஊற்றினாயாம். யாரோ மருந்துக்கடைச் சிநேகிதன் கொடுத்தானாம். கல்யாணத்துக்குப் பிறகு நான் வற்புறுத்திக் கேட்டபோது, சட்டைக் கறையைப் போக்கியதைச் சொல்கிற மாதிரி சொன்னாய்.

கல்யாண வீட்டுக்கு வருகிறேன். உன் மாமனார் பெரிய மனிதர்தான். புறக்கோட்டையில் கடை, வெள்ளவத்தையில் மாடி வீடு. அவருடைய தகப்பனாரும் என் தகப்பனாரைப் போல இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்தவர்தான், ஆனால் இரண்டு தலைமுறையாக யாழ்ப்பாணத்தாருக்கு நடுவில் இருந்து அந்த வீட்டில் பேச்சே மாறிவிட்டது. நம் வீட்டில் ‘ஆமா’ என்றால் அங்கே ‘ஓம்’. நீயும் நிச்சயதார்த்தம் முடிவதற்குள் ஓம் சொல்லப் பழகிவிட்டாய். அதையெல்லாம் நான் குறையாகச் சொல்லவில்லை. பெண் எடுத்த வீட்டுப் பேச்சு நாக்கில் ஒட்டுவது சகஜம்.

காப்புக் கட்ட உன்னைச் சட்டையில்லாமல் மணையில் உட்காரவைத்தார்கள். ஐயர் உன் வலது கையைப் பிடித்துத் தூக்கினார். கட்டு அவிழ்ந்த நாளிலிருந்து வீட்டில்கூட நீ முழுக்கைச் சட்டையைக் கழற்றவில்லையே, அப்போதுதான் நான் முதன்முதலாகப் பார்த்தேன். வேல் இருந்த இடத்தில் மினுமினுவென்று, இளஞ்சிவப்பாக, சுருங்கிப்போன தோல். பெண்ணின் பெரியம்மா குனிந்து பார்த்துவிட்டு, “தம்பி, இது என்ன கையில? சுட்டதோ?” என்று கேட்டார். நீ ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. “ஓம், பெரியம்மா. சின்ன வயசில. அம்மா கவனிக்காம விட்டிட்டா, சுடுதண்ணி கொட்டிட்டுது” என்றாய். சிரித்துக்கொண்டே சொன்னாய். சுற்றி இருந்த பெண்கள் ‘ச்சூ’ கொட்டினார்கள். உன் மாமனார் என் பக்கம் திரும்பி, “அப்பிடியோ, சம்பந்தி?” என்று கேட்டார்.

“ஓம்” என்றேன்.

என் வாயிலிருந்து அந்தச் சொல் அன்றைக்குத்தான் முதல் தடவையாக வந்தது. நீ ஒரு பொய் சொன்னாய், நான் அதற்கு முத்திரை குத்திக் கொடுத்தேன். பிறகு பந்தியில் முதல் வரிசையில், உன் மாமனாருக்குப் பக்கத்து இலையில் என்னை உட்காரவைத்து மரியாதை செய்தார்கள். நான் சாப்பிட்டேன். பாயசம் நன்றாக இருந்தது என்று இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். உன்னைத் துரோகி என்று எழுதப் போகிறவன் தான் எந்த இடத்தில் உட்கார்ந்திருந்தான் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆம், துரோகம்தான். வேறு சொல் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. எனக்குச் செய்ததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன், எனக்கு அது வேண்டியதுதான். உன் சிநேகிதர்கள் முன்னால் வெட்கமாக இருந்தது, வெள்ளைக்கார மேலாளர் பார்த்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது, அழித்துவிட்டேன் என்று நீ என்னிடம் சொல்லியிருந்தால், நான் இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு மூன்றாம் நாள் சோறு போட்டிருப்பேன். தோல் உன்னுடையது. ஆனால் அழித்ததற்குக் காரணம் வேண்டியிருந்தபோது, ஒரு அடுப்பையோ கெட்ட நேரத்தையோ சொல்லியிருக்கலாமே! சைக்கிளையாவது மறுபடி சொல்லியிருக்கலாம். எழுந்து வந்து மறுத்துப் பேச முடியாத ஒருத்தியின் தலையில் போட்டாயே. அதுவும் எந்தப் பழியை? இரண்டு பிள்ளையை வாரிக்கொடுத்துவிட்டு மூன்றாவதை இடுப்பைவிட்டு இறக்காதவளுக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லை என்ற பழி. அவள் அதைக் கேட்டிருந்தால் என் அறையைவிட அதுதான் அவளுக்கு வலித்திருக்கும்.

உனக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது. அப்பன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். நான் உனக்குச் சட்டையைத்தான் தைத்துப் போட்டேன் என்று நினைத்தேன். உண்மையில் உன் அம்மாவைப் பார்த்து வெட்கப்படக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். பிள்ளைகள் நாம் சொல்வதைக் கேட்பதில்லை என்று எல்லாரும் அலுத்துக்கொள்கிறார்கள். கேட்கத்தான் செய்கிறார்கள், நாம் எதைச் சொன்னோம் என்பதுதான் நமக்குத் தெரிவதில்லை. உன் பிள்ளைக்குப் பச்சை குத்து என்று நான் சொல்லமாட்டேன். இப்போது ஆஸ்பத்திரி இருக்கிறது, ஊசி இருக்கிறது, நல்ல டாக்டர் இருக்கிறார். ஆனால் அந்தப் பிள்ளை ஒருநாள் உன் மடியில் உட்கார்ந்து அந்த வடுவைத் தடவி, இது என்ன என்று கேட்கும். அன்றைக்கு அதற்கு என்ன சொல்வாய்? உன் அப்பாயி என்னைச் சுட்டுவிட்டாள் என்றா சொல்வாய்?

உன் மனைவி வந்துபோன மறுநாள் நான் ஒரு காரியம் செய்தேன். குறத்தியைத் தேடினேன், இந்தக் காலத்தில் எங்கே கிடைக்கிறாள்? துறைமுகத்துப் பக்கம், உலகச் சண்டைக் காலத்தில் சிப்பாய்களுக்கும் மாலுமிகளுக்கும் மிஷினால் பச்சை குத்திய ஒரு சிங்களவன் இன்னும் கடை வைத்திருக்கிறான். போய் உட்கார்ந்தேன். தனக்குத் தெரிந்த படங்களை ஒரு கொப்பியில் ஒட்டி வைத்திருந்தான்: நங்கூரம், டிராகன், பாதி உடுப்பு உடுத்திய வெள்ளைக்காரி. அதையெல்லாம் ஒதுக்கிவிட்டுப் பென்சிலை வாங்கி, மனதில் இருந்ததை வரைந்து கொடுத்தேன். அவன் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “மொகத்த மே, சீயா?” என்றான். இது என்ன, தாத்தா என்கிறான். “வேல்” என்றேன். “ஆ, வேல்!” என்று உடனே முகம் மலர்ந்தது. ஆடியில் செட்டியார் தெருவில் தேர் பார்க்க வருகிறவனாம். அவனுக்குத் தெரிகிறது, பார்.

கீழே இருக்கிற மூன்று புள்ளி எதற்கு என்று அவன் சிங்களத்தில் கேட்டான், என் பிள்ளைகள் என்றேன். இரண்டு பேர் இல்லை, ஒருவன் வெள்ளவத்தையில் என்றேன். அந்த மூன்றாவது புள்ளியை வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று எனக்குத் தோன்றியது. அவனை நிறுத்தச் சொல்லி, கையை இழுத்துக்கொண்டுகூட உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் நீட்டினேன். குத்து என்றேன். அறுபது வயதுத் தோல், துணி மாதிரி இழுபட்டு இரத்தம் வந்தது. எனக்குப் பல் கிட்டிப்போயிற்று. இதைத் தானும் தாங்கி, பெற்ற பிள்ளை அலறுவதையும் தாங்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே, அவளையா போய் அறைந்தேன் என்று நினைத்தேன். அவன் துடைத்துவிட்டுக் கையை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினான். அவள் கையில் இருந்த அளவுக்கு அழகாக இல்லை. வேல் கொஞ்சம் கோணல். பரவாயில்லை, என்ன என்று தெரிகிறது.

செத்தால் நகை வராது, புடவை வராது, பச்சை மட்டும்தான் கூட வரும் என்று உன் அம்மா நம்பினாள். நான் அதைக் கேலி செய்வேன். இப்போது நம்புகிறேனா என்று கேட்காதே. இரண்டு கையில் இருந்தது, ஒன்று மண்ணுக்குப் போயிற்று, ஒன்றை நீ எரித்தாய். ஒருவர் கையிலாவது இருக்கட்டும் என்று போனேன், அவ்வளவுதான்.

அடுத்த வெள்ளிக்கிழமை வளைகாப்புக்கு என்னைக் கூப்பிட்டு உன் மாமனார் கைப்பட எழுதியிருக்கிறார். வருவேன். அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வருவேன். புண் இன்னும் காயவில்லை, பொருக்கு இருக்கிறது, கண்ணில் படாமல் போகாது. “இது என்ன, சம்பந்தி, இந்த வயசில?” என்று அவர் கேட்பார். பெரியம்மா குனிந்து பார்ப்பார். நான் உன் முகத்தைப் பார்ப்பேன். நீதான் பதில் சொல்ல வேண்டும். இது என் அம்மா எனக்குப் போட்டது, அவள் பாலில் குழைத்துப் போட்டது, நான் வெட்கப்பட்டுச் சுட்டுவிட்டேன், அவள்மேல் சொன்னது பொய் என்று, உன் மனைவி கேட்கச் சொல்ல வேண்டும். சுருக்கமாகச் சொன்னாலும் போதும். நாக்குக் குழறினாலும் பரவாயில்லை.

நீ சொல்லாவிட்டால் நான் சொல்வேன். அன்றைக்கு ஓம் என்றேனே, அதுவும் பொய் என்று சேர்த்துச் சொல்வேன். நல்ல காரியம் நடக்கிற வீட்டில் இதையெல்லாம் கிளப்புகிறானே கிழவன் என்று நாலு பேர் பேசுவார்கள். உனக்குத் தலை குனிவாக இருக்கும். அதற்கு மேலும் அந்த வீட்டில் எனக்கு இலை போடவில்லை என்றால், வெளியே போ என்று சொன்னால், போய்விடுகிறேன். உன் அம்மாவை வாசலில் நிறுத்திவிட்டு நான் உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டது ஒரு நாள் போதும்.

அப்பா